சாமி படத்துக்குப் பின்னால் செருகிய நோட்டீஸ்

வரி வழக்கு: வாசகர் கேள்வி - பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஜிஎஸ்டி நோட்டீஸைப் பற்றியவை. சிலர் நோட்டீஸையே நகலெடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஒருவர் அதை மடித்த மடிப்பைப் பார்த்தால், பல நாள் சட்டைப் பையிலேயே இருந்தது தெரிகிறது. எல்லோருக்கும் இங்கே பதில் சொல்ல இடமில்லை. ஐந்தை எடுத்துக்கொள்கிறேன். முதலாவது நீளமானது. ரப்பர், முந்திரி, கொப்பரை என்று எது வாங்கி விற்றாலும் அதைப் படித்துவிடுங்கள்.

கேள்வி: குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிறேன், வக்கீலம்மா. 2021-22-ல் அருமனைப் பக்கத்து வியாபாரி ஒருவரிடம் மொத்தம் ரூ.83,60,000-க்கு ஷீட் எடுத்தேன். 5 சதவீத வரி ரூ.4,18,000-ஐயும் சேர்த்து பேங்க் வழியாகவே கொடுத்தேன். அவர் அதை அரசாங்கத்துக்குக் கட்டவில்லையாம். அவருடைய ரெஜிஸ்ட்ரேஷனையும் பழைய தேதியிலிருந்தே ரத்து செய்துவிட்டார்கள். இப்போது அந்த வரியை வட்டி, அபராதத்தோடு நான் கட்ட வேண்டுமென்று, இந்த ஜனவரித் தேதியிட்டு ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 74-ன் கீழ் டிஆர்சி-01 என்ற காரணம் கேட்கும் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஒரே வரியை இரண்டு தடவை கட்டணுமா? ஆடிட்டர், 'கட்டி முடிச்சிருங்க அண்ணாச்சி' என்கிறார்.

அண்ணாச்சி, நோட்டீஸின் தேதியை எழுதியிருக்கிறீர்கள், பதில் கொடுக்கக் கடைசி நாள் எது என்று எழுதவில்லை. அதை முதலில் பாருங்கள். பொதுவாக 30 நாள் இருக்கும். அதற்குள் ஆவணங்களைத் திரட்ட முடியாது என்றால் அவகாசம் கேட்டு எழுத்தில் மனு போடுங்கள். தக்க காரணம் காட்டினால் அவகாசம் தரலாம் என்று பிரிவு 75 சொல்கிறது. ஆனால் மூன்று தடவைக்கு மேல் தரமாட்டார்கள். சும்மா இருந்துவிடாதீர்கள்.

என் அப்பா திங்கள்சந்தையில் கருப்பட்டியும் கொப்பரையும் மொத்த வியாபாரம் செய்தவர். பழைய விற்பனைவரிக் காலம். ரிஜிஸ்டர் தபாலில் ஒரு நோட்டீஸ் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் பிறகு யாரிடமாவது காட்டலாம் என்று கடையில் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். அடுத்து வந்தது உத்தரவு. பதில் வராததால் ஆபீஸிலேயே ஒரு விற்பனைத் தொகையை உத்தேசமாகப் போட்டு வரி விதித்திருந்தார்கள். அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி அப்படித்தான் போனது. கணக்குப் புத்தகங்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன, காட்டத்தான் இல்லை. நான் சட்டம் படித்ததற்கு அதுதான் காரணம் என்று சொன்னால் நாடகமாக இருக்கும். ஆனால் வருகிறவர்களிடம் முதலில் தேதியைக் கேட்கும் பழக்கம் எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். சட்டத்தின் எழுத்து உங்களுக்கு எதிராகத்தான் இருக்கிறது. விற்றவர் வரியை அரசுக்குச் செலுத்தியிருந்தால்தான் வாங்கியவருக்கு உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உரிமை, உண்டு என்கிறது பிரிவு 16(2)(சி). அந்தப் பிரிவு செல்லும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024-ல் சொல்லியிருக்கிறது. வரவு எடுத்தது சரிதான் என்று நிரூபிக்கும் பொறுப்பும் பிரிவு 155-ன்படி உங்களுடையது.

ஆனால் உங்களுக்குச் சாதகமாக ஒரு தீர்ப்பு இருக்கிறது. அது நம் ஊர் ரப்பர் ஷீட்டிலேயே பிறந்த தீர்ப்பு. நாகர்கோவில் வரிவிதிப்பு வட்டத்தில் பதிவு செய்திருந்த ஷீட் வியாபாரிகள் சிலருக்கு, இன்று உங்களுக்கு வந்திருப்பது போலவே வந்தது. விற்றவர் வரி கட்டவில்லை, வாங்கியவர்கள் வரியோடு சேர்த்துப் பணம் கொடுத்திருந்தார்கள். டி.ஒய். பெத்தேல் என்டர்பிரைசஸ் வழக்கு என்று கேட்டால் வரிவழக்கு நடத்துகிற எந்த வக்கீலுக்கும் தெரியும். 2021 பிப்ரவரி 24-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த உத்தரவுகளை ரத்து செய்தது. காரணம் எளிமையானது. விற்றவரைக் கூப்பிட்டு விசாரிக்கவே இல்லை, அவரிடமிருந்து வசூலிக்கவும் நடவடிக்கை எடுக்கவில்லை, நேராக வாங்கியவர் கழுத்தைப் பிடித்துவிட்டார்கள். விற்றவரைச் சாட்சியாக விசாரித்து, அவர்மேல் வசூல் நடவடிக்கையும் எடுத்து, புதிதாக முடிவு செய்யுங்கள் என்று திருப்பி அனுப்பியது நீதிமன்றம்.

கவனியுங்கள், திருப்பி அனுப்பியதுதான். 'வாங்கினவன் கட்ட வேண்டாம்' என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. அப்படிச் சொல்வதாக ஊரில் பலர் பேசுகிறார்கள், சில ஆலோசகர்கள் பதிலிலேயே எழுதியும் விடுகிறார்கள். தீர்ப்பைப் படித்த அதிகாரி அதைப் பார்த்துச் சிரிப்பார். நீங்கள் எழுத வேண்டியது வேறு: 'இன்னாரிடம் வாங்கினேன், இவர் ஜிஎஸ்டி எண் இது, இவரைச் சம்மன் அனுப்பி என் முன்னிலையில் விசாரிக்க வேண்டும், குறுக்கு விசாரணைக்கு எனக்கு வாய்ப்பு வேண்டும், முதலில் இவரிடம் வசூலிக்க என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று தெரிவிக்க வேண்டும்.' முதல் பதிலிலேயே இதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டுவிட்டு, மதுரைக்குப் போய் 'விசாரிக்கவில்லை' என்று முறையிட்டால், 'நீங்கள் கேட்டீர்களா?' என்பதுதான் நீதிபதியின் முதல் கேள்வியாக இருக்கும்.

அடுத்தது சரக்கு. பில்லும் பேங்க் ஸ்டேட்மெண்டும் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். கர்நாடக வாட் சட்டத்தில் எழுந்த ஈகாம் கில் காபி வழக்கில், பில்லும் செக்கும் போதாது, சரக்கு உண்மையில் கைமாறியதைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொன்னது. அதை ஜிஎஸ்டி நோட்டீஸ்களிலும் எடுத்துப் போடுகிறார்கள். எனவே எடைமேடை ரசீது, இ-வே பில் (சரக்கோடு போகும் ஆன்லைன் சீட்டு), லாரி வாடகை கொடுத்த சீட்டு, குடோன் ஸ்டாக் ரிஜிஸ்டர், அந்த ஷீட்டை எந்தக் கம்பெனிக்கு விற்றீர்களோ அந்த விற்பனை பில் என எல்லாவற்றையும் மாதவாரியாக அடுக்குங்கள். வாங்கிய தேதியில் அவருடைய பதிவு உயிரோடு இருந்தது என்பதற்கு, அந்த மாதங்களின் 2ஏ, 2பி (விற்றவர் காட்டிய பில்கள் உங்கள் ஜிஎஸ்டி கணக்கில் தெரியும் பட்டியல்கள்) பிரிண்ட் வேண்டும்.

இன்னொன்று, ரப்பர் தெரிந்தவர்களுக்கு மட்டும் உறைப்பது. ஜூன், ஜூலையில் மழை பிடித்துவிட்டால் பால்வெட்டு (மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுப்பது) நின்றுபோகும். அந்த மாதங்களில் உங்கள் பில்கள் டன் கணக்கில் இருந்தால், 'பால்வெட்டே இல்லாத நாளில் ஷீட் எங்கிருந்து வந்தது?' என்று கேட்பார்கள். விற்றவர் கையில் பழைய ஸ்டாக் இருந்தது என்றால் அதற்கு ஒரு தாளாவது வேண்டும். கட்சிக்காரர் ஒருவரின் பில்களை நானே இப்படி மாதவாரியாகப் பரப்பிப் பார்த்து, அவரிடம், 'அண்ணாச்சி, இது நடந்த வியாபாரமா, பில் மட்டும் வாங்கினதா?' என்று நேரடியாகக் கேட்டிருக்கிறேன். அவர் தலையைக் குனிந்தார். அந்த வழக்கைக் கட்டித்தான் முடித்தோம். உங்களிடமும் அதையே கேட்கிறேன். பதிலை எனக்கு எழுத வேண்டாம், உங்கள் மனசுக்குத் தெரிந்தால் போதும்.

நடந்த வியாபாரம்தான் என்றால், உங்கள் ஆடிட்டர் கவனிக்காத ஒரு விஷயம் அந்த நோட்டீஸிலேயே இருக்கிறது. ஏன் பிரிவு 74? மோசடி, வேண்டுமென்றே பொய்க்கணக்கு, மறைத்தல் இருந்தால்தான் 74. சாதாரணக் குறைபாட்டுக்குப் பிரிவு 73. இதில் 2021-22-க்கான 73 நோட்டீஸ் அனுப்பும் கெடு 2025 செப்டம்பர் 30-உடன் முடிந்துவிட்டது. 74-க்கு 2027 வரை கெடு இருக்கிறது. ஜனவரியில் நோட்டீஸ் விட வேண்டுமென்றால் 74-ஐத் தவிர வழி இல்லை. மோசடி என்பதற்கு உங்கள் நோட்டீஸில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். 'விற்றவர் வரி கட்டவில்லை' என்பதைத் தவிர உங்கள் தரப்பில் நீங்கள் செய்த தவறு என்று ஒரு வாக்கியமும் இல்லையென்றால், அதுதான் உங்கள் முதல் ஆட்சேபம். 74 பொருந்தாது என்று மேல்முறையீட்டு அதிகாரியோ, தீர்ப்பாயமோ, நீதிமன்றமோ சொன்னால், பிரிவு 75(2)-ன்படி அதை 73 நோட்டீஸாகக் கருத வேண்டும். ஆனால் அந்த நோட்டீஸ் 73-க்கான கெடு தாண்டி அனுப்பப்பட்டது என்றால் நடவடிக்கை முழுவதையும் கைவிட வேண்டும் என்று மத்திய மறைமுக வரிகள் வாரியமே 2022 டிசம்பர் 27 தேதியிட்ட 185-ஆம் எண் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. இதைப் பதிலில் தனிப் பத்தியாக எழுதச் சொல்லுங்கள்.

இனி காசுக் கணக்கு. நோட்டீஸ் வந்த 30 நாளுக்குள் கட்டி முடித்தால் வரி ரூ.4,18,000, அதில் 25 சதவீத அபராதம் ரூ.1,04,500, அதோடு வட்டி. வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம், அதாவது வருஷத்துக்கு ரூ.75,240. வழக்காடித் தோற்று உத்தரவு வந்தபின் 30 நாளில் கட்டினால் அபராதம் 50 சதவீதம், அதற்கு மேல் போனால் 100 சதவீதம். மேல்முறையீடு செய்ய, தகராறில் உள்ள வரியில் 10 சதவீதம், அதாவது ரூ.41,800 கட்ட வேண்டும். அதைக் கட்டினால் மீதித் தொகையின் வசூல் தானாக நின்றுவிடும், தனியே தடை உத்தரவு வாங்க வேண்டாம். சரக்கு உண்மையில் வந்திருக்கிறது, தாளும் கையில் இருக்கிறது என்றால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் கட்டமாட்டேன். ஆடிட்டரைக் குறை சொல்லவில்லை. கட்டினால் அவருக்கும் தலைவலி தீரும், அவ்வளவுதான்.

அப்புறம், பதிலில் கடைசி வரியாக 'நேரில் விசாரணை வேண்டும்' என்று எழுதுங்கள். ஆன்லைனில் பதில் ஏற்றும்போது அதற்கென ஒரு இடம் இருக்கிறது. அதில் 'வேண்டாம்' என்று டிக் செய்துவிட்டு வந்து என்னிடம் வருத்தப்பட்டவர்கள் உண்டு.

கேள்வி: மார்த்தாண்டத்திலிருந்து பாட்டில் தேன் அனுப்புகிறோம் அக்கா. களியக்காவிளை தாண்டி, கேரளாவுக்குள் எங்கள் வண்டியைப் பறக்கும் படை நிறுத்தியது. இ-வே பில்லில் வண்டி நம்பர் டிஎன் 75-க்குப் பதிலாக டிஎன் 74 என்று விழுந்துவிட்டது. மற்ற எல்லாம் சரி. ரூ.2,40,000 சரக்கு. 24,000 ரூபாய் அபராதம் கட்டினால்தான் வண்டி போகும் என்றார்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினார், கட்டிவிட்டேன். 'கட்டியாச்சு, கேஸ் முடிஞ்சுது' என்று உத்தரவு எதுவும் தரவில்லை. திரும்பக் கிடைக்குமா?

தம்பி, நாகர்கோவிலுக்கு 74, மார்த்தாண்டத்துக்கு 75. நம் மாவட்டத்தில் இந்த ஒரு எண் பலரைத் தடுக்கி விழ வைத்திருக்கிறது. உனக்கு நல்ல கேஸ் இருக்கிறது.

2018 செப்டம்பர் 14-ல் வந்த 64-ஆம் எண் சுற்றறிக்கையைப் பிரிண்ட் எடுத்து ஒவ்வொரு வண்டியிலும் வை. பில்லும் இ-வே பில்லும் இருக்கும்போது சின்னப் பிழைகளுக்காகப் பிரிவு 129-ல் வண்டியைப் பிடித்து வைக்கக் கூடாது என்கிறது அது. பெயரில் எழுத்துப் பிழை, முகவரி சரியாக இருந்து பின்கோடு மட்டும் தப்பு, ஆவண எண்ணில் ஒன்றிரண்டு இலக்கம் மாறுவது, வண்டி நம்பரில் ஒன்றிரண்டு இலக்கம் மாறுவது என்று பட்டியலே இருக்கிறது. இதற்கெல்லாம் மத்திய, மாநில ஜிஎஸ்டியில் தலா 500 ரூபாய். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு என்றால் 1,000 ரூபாய். உன் வண்டிக்கு 1,000 ரூபாய்தான் ஆகியிருக்க வேண்டும். தேனுக்கு வரி 12,000, அதன் இரண்டு மடங்கு 24,000 என்று 129-ன் கணக்கைப் போட்டுவிட்டார்கள்.

'கட்டினால் கேஸ் முடிந்தது' என்பதில் பாதி உண்மை. பணம் கட்டினால் நடவடிக்கை முடிந்ததாகக் கருதப்படும் என்று 129(5)-ல் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லி உத்தரவு போடாமல் இருக்க முடியாது, வியாபாரிக்கு மேல்முறையீட்டு உரிமை இருக்கிறது, அதற்குக் காரணங்களோடு ஒரு உத்தரவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் ஏஎஸ்பி டிரேடர்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது. கர்நாடகத்திலிருந்து டெல்லிக்குப் போன பாக்குச் சரக்கு, வழியில் உத்தரப்பிரதேசத்தில் பிடிபட்ட வழக்கு அது. ஆகவே அந்த அதிகாரிக்கு, எம்ஓவி-09 என்ற படிவத்தில் அபராத உத்தரவைத் தரும்படி எழுத்தில் கேள். பணம் எந்தச் சூழலில் கட்டினாய், ஆட்சேபம் இருக்கிறது என்பதையும் அதிலேயே எழுது. உத்தரவு வந்ததும் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு. பிடித்தது கேரள அதிகாரி என்பதால் மேல்முறையீடும் கேரளத்தில்தான். நாகர்கோவில் ஆபீஸில் போய் நின்று பயனில்லை. திருவனந்தபுரத்தில் ஒரு வக்கீலைப் பிடி. நம் ஊரிலிருந்து மதுரையைவிட அது பக்கம்தானே.

23,000 ரூபாய்க்காக இவ்வளவு அலைச்சலா என்று கேட்டால், அது உன் முடிவு. ஆனால் வாரம் இரண்டு லோடு அனுப்புகிறவன் ஒரு தடவை எதிர்த்து நிற்பது நல்லது என்பது என் கருத்து. அடுத்த முறை வண்டி மாறினால் புறப்படும் முன் இ-வே பில்லின் பார்ட்-பி-யில் புதிய நம்பரைப் போடு. டிரைவரிடம் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதே என்று சொல்லி வை.

கேள்வி: குளச்சலில் என் கணவர் வலை, கயிறு வியாபாரம் செய்துவந்தார். 2023-ல் இறந்துவிட்டார். கடையை அப்போதே மூடிவிட்டேன். ஜிஎஸ்டி எண்ணை ரத்து செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. இப்போது அவர் பேரில் ரூ.1,86,000 கட்ட உத்தரவு போட்டு அவருடைய பேங்க் அக்கவுண்டை முடக்கிவிட்டார்கள். நோட்டீஸ் எதுவும் வீட்டுக்கு வரவில்லை. அவர் செல்போன் நம்பரும் இப்போது இல்லை. வக்கீல் வைக்க என்னிடம் வசதி இல்லை. நான் தையல் வேலை செய்கிறேன்.

அம்மா, முதலில் பயத்தை விடுங்கள். இறந்தவர் பேரில் நோட்டீஸ் அனுப்பி, இறந்தவர் பேரிலேயே உத்தரவு போட்டால் அது நிற்காது. உயர் நீதிமன்றங்கள் இப்படிப்பட்ட உத்தரவுகளை ரத்து செய்து வந்திருக்கின்றன. வாரிசுக்கு நோட்டீஸ் கொடுத்து, அவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பிரிவு 93-ல் இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. வியாபாரத்தைத் தொடர்ந்து நடத்துகிற வாரிசுக்குத்தான் முழுப் பொறுப்பு. நீங்கள் கடையை மூடிவிட்டீர்கள். அப்படியானால் கணவர் விட்டுச்சென்ற சொத்தில் எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் வசூலிக்க முடியும். உங்கள் தையல் கூலியையோ, உங்கள் அம்மா வீட்டிலிருந்து உங்களுக்கு வந்த சொத்தையோ தொட முடியாது.

இப்போது நோட்டீஸ் தபாலில்தான் வர வேண்டும் என்று இல்லை. பிரிவு 169 சொல்லும் வழிகளில் ஜிஎஸ்டி போர்ட்டலில் ஏற்றுவதும் ஒன்று. அதிலும் 'வியூ நோட்டீசஸ் அண்ட் ஆர்டர்ஸ்' என்று ஒரு இடம், 'வியூ அடிஷனல் நோட்டீசஸ் அண்ட் ஆர்டர்ஸ்' என்று இன்னொரு இடம். இரண்டாவதைப் பார்க்காமல் விட்டவர்கள் நம் மாவட்டத்திலேயே எத்தனையோ பேர். என் அப்பாவின் சாமி படம் இப்போது அங்கேதான் மாட்டியிருக்கிறது. கடை நடத்துகிற மற்றவர்கள் வாரம் ஒரு நாள் இரண்டையும் திறந்து பாருங்கள்.

உங்கள் வேலை இது. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் எடுத்துக்கொண்டு, கணவர் இன்ன தேதியில் இறந்தார், கடை மூடப்பட்டது, நோட்டீஸ் எனக்குக் கிடைக்கவில்லை, உத்தரவைத் திரும்பப் பெற்று முடக்கத்தை நீக்குங்கள் என்று உத்தரவு போட்ட அதிகாரிக்கு மனு எழுதுங்கள். தபால் பிரிவில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். நல்ல அதிகாரி என்றால் அங்கேயே தீரலாம். தீராவிட்டால் மதுரைக் கிளையில் ரிட் மனு.

அதற்கு வக்கீல் பீஸ் வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் பிரிவு 12-ன்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய் மனு கொடுங்கள். உயர் நீதிமன்ற வழக்குக்கு அங்கே வழி சொல்லுவார்கள். 'வரி வழக்குக்கெல்லாம் இங்கே கிடையாது' என்று வாசலில் யாராவது சொன்னால் திரும்பி வராதீர்கள், மனுவை வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வரி நோட்டீஸுக்கு ஆடிட்டரிடம் போவதா, வக்கீலிடம் போவதா? ஆபீஸில் ஆளைத் தெரிந்த ஒருவர் 'முப்பதாயிரம் குடுங்க, நான் முடிச்சுத் தாறேன்' என்கிறார். பெயர் வேண்டாம், தக்கலை.

பிரிவு 116-ன்படி உங்கள் சார்பாக வக்கீல், சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட், காஸ்ட் அக்கவுண்டன்ட், கம்பெனி செக்ரட்டரி, ஜிஎஸ்டி பிராக்டிஷனர் யாரும் ஆஜராகலாம். உறவினரோ உங்கள் கடையில் நிரந்தரமாக வேலை பார்க்கும் கணக்குப்பிள்ளையோகூட, அதிகாரக் கடிதம் கொடுத்தால், ஆஜராகலாம். உயர் நீதிமன்றத்துக்கு மட்டும் வக்கீல்தான்.

நான் வக்கீல், எனவே என் பதிலைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு ஒத்துப்போகவில்லை என்று வரும் ஏஎஸ்எம்டி-10 நோட்டீஸுக்கு உங்கள் கணக்கைப் போட்டவரே பதில் எழுதட்டும். 30 நாள் இருக்கிறது, எண்களை அவர்தான் அறிவார். அந்தப் பதிலை அதிகாரி ஏற்றால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். டிஆர்சி-01 வந்துவிட்டால், அதிலும் பிரிவு 74 என்றிருந்தால், பதில் எழுதும் முன்பே ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். பெரும்பாலும் என்னிடம் வருவது உத்தரவு வந்த பிறகுதான். அப்போது கோப்பில் இருப்பது 'பரிசீலித்துக் கைவிட வேண்டுகிறோம்' என்ற இரண்டு வரிப் பதில். அதை வைத்துக்கொண்டு மேல்முறையீட்டில் நான் என்ன பேச?

பீஸ் பேசும்போது ஒரே தொகையாக ஒத்துக்கொள்ளாதீர்கள். பதிலுக்கு எவ்வளவு, நேர் விசாரணைக்கு எவ்வளவு, மேல்முறையீட்டுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். ரசீது கேளுங்கள். போர்ட்டல் பாஸ்வேர்டும் ஓடிபி வரும் செல் நம்பரும் உங்கள் கையில் இருக்கட்டும். ஆலோசகரின் நம்பரையும் ஈமெயிலையும் கொடுத்துவிட்டு, அவரோடு பிணக்கு வந்ததும் நோட்டீஸே தெரியாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முப்பதாயிரம் கேட்டவரைப் பற்றி: அவர் என்ன எழுதித் தாக்கல் செய்யப் போகிறார் என்று கேட்டுப் பாருங்கள். எழுத எதுவும் இல்லை என்றால் அந்தப் பணம் எங்கே போகிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். லஞ்சம் கொடுப்பதும் குற்றம். அதைவிட நடைமுறைச் சங்கடம் ஒன்று: அந்த அதிகாரி மாறிப்போவார், கோப்பு மாறாது.

ஒருவேளை உத்தரவு வந்து தொகையும் சரி, கட்டத்தான் வேண்டும் என்றால், பிரிவு 80-ல் 24 மாதத் தவணை வரை கேட்கலாம். நீங்களே ரிட்டர்னில் காட்டிவிட்டுக் கட்டாமல் விட்ட வரிக்கு மட்டும் அது கிடையாது.

கேள்வி: உத்தரவு வந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. மேல்முறையீடு செய்யவில்லை. நேர் விசாரணைக்கு என்னைக் கூப்பிடவே இல்லை. இனி வழி உண்டா? கோட்டாறு.

மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம். தக்க காரணம் சொன்னால் இன்னும் ஒரு மாதம். ஐந்தாவது மாதத்தில் அந்த அதிகாரியால் மன்னிக்க முடியாது, சட்டம் அவர் கையைக் கட்டியிருக்கிறது. 2025 செப்டம்பரில் தொடங்கி வைக்கப்பட்ட ஜிஎஸ்டி தீர்ப்பாயத்துக்கும் நேராகப் போக முடியாது. முதல் மேல்முறையீட்டில் உத்தரவு வந்தபின் போகும் இடம் அது.

மிச்சம் இருப்பது மதுரைக் கிளை. கெடு தாண்டி வருகிறவர்களைச் சாதாரணமாக உயர் நீதிமன்றம் ஏற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் கிளாக்ஸோ வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் உங்களிடம் 'கூப்பிடவே இல்லை' என்ற ஒரு பிடி இருக்கிறது. பாதகமான உத்தரவு போடும் முன் நேர் விசாரணை கட்டாயம் என்பது பிரிவு 75(4). அது மீறப்பட்ட பல வழக்குகளில், தகராறு வரியில் 10 சதவீதம் போல ஒரு பகுதியைக் கட்டச் சொல்லி, உத்தரவை ரத்து செய்து மறுபடி விசாரிக்க அனுப்பியிருக்கிறது சென்னை உயர் நீதிமன்றம். தாமதம் கூடக் கூட இந்தக் கதவு இறுகும். போர்ட்டலில் விசாரணைத் தேதி போட்டு ஏதாவது நோட்டீஸ் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிடந்தால் 'கூப்பிடவில்லை' என்று மனுவில் எழுதாதீர்கள், 'பார்க்கவில்லை' என்று உள்ளதை எழுதுங்கள். நான் தொழிலுக்கு வந்த காலத்தில் இதற்கெல்லாம் ராத்திரி பஸ் பிடித்துச் சென்னைக்குப் போக வேண்டும். 2004 ஜூலையில் மதுரைக் கிளை வந்தபின் காலையில் போய் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். இந்த வாரமே போங்கள்.

தாளில் கொஞ்சம் இடம் மிச்சம் இருப்பதால் ஆறாவதாக ஒரு சின்னக் கேள்வி.

கேள்வி: ஏத்தன், மட்டி, செந்துளுவன் பழக்கடை வைத்திருக்கிறேன். கூடவே ஏத்தங்காய் சிப்ஸும் போட்டு விற்கிறேன். வருஷத்துக்குப் பழம் 35 லட்சம், சிப்ஸ் 8 லட்சம். பழத்துக்கு வரி இல்லை, சிப்ஸ் 40 லட்சத்துக்குள்தானே? யுபிஐ-யில் வந்த தொகையைப் பார்த்து நோட்டீஸ் வருமா?

வரலாம். 2025-ல் கர்நாடகத்தில் சின்னக் கடைக்காரர்களுக்கு யுபிஐ வரவை வைத்து நோட்டீஸ் வந்தது நினைவிருக்கும். பழம் மட்டும் விற்றால் எத்தனை லட்சம் ஆனாலும் பதிவு வேண்டாம். ஆனால் வரியுள்ள பொருள் ஒன்று கூட வந்துவிட்டால், 40 லட்சக் கணக்கில் வரியில்லாத பழமும் சேரும். உங்களுக்கு 43 லட்சம். பதிவு எடுத்துவிடுங்கள், வரி சிப்ஸுக்கு மட்டும்தான். கடிதத்தோடு அனுப்பிய பாக்கெட் வந்து சேர்ந்தது. பில் வைக்கவில்லையே அண்ணாச்சி.